அரன்ஹுவேஸுக்குள் நுழைந்து எங்கே போவது? ரோத்ரிகோவின் கிட்டார் இசைக்கு ஒரு வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான கிட்டார் கான்செர்ட்டோவை, அதாவது தனிக் கிட்டாரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் 'அரன்ஹுவேஸ்' படைப்பை எழுதிய ஸ்பானிய இசையமைப்பாளர் ஹொவாக்கின் ரோத்ரிகோ கிட்டார் கலைஞர் அல்ல, பியானோக்காரர். மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோயால் பார்வையை இழந்தவர். இசையைப் பிரெய்ல் எந்திரத்தில் குத்தி வைப்பார். அப்புறம் பிரதி எடுப்பவரிடம் சுரம் சுரமாகச் சொல்லி எழுதவைப்பார். கிட்டார் இருந்தது அவருடைய நண்பர்களின் கையில். யாராவது வந்து "எனக்கொன்று எழுதுங்கள்" என்பார்கள். இவர் எழுதுவார், அவர்கள் வாசித்துப் பார்த்து விரல் வைப்பைச் சரிசெய்துகொள்வார்கள்.

அதனால் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் ஆண்டு வரிசையைச் சொல்வதில்லை. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்தப் படைப்பு யாருக்காக எழுதப்பட்டது, அந்த ஆளின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், ஒன்றுபோலவே கேட்கிற ஸ்பானிய கிட்டார் இசை தனித்தனி முகங்களாகப் பிரிந்து நிற்கும்.

தேடும் முன் கவனிக்க வேண்டியவை

ரோத்ரிகோவின் முதல் பெயர் இணையத்தில் ஜே எழுத்தில்தான் தொடங்கும். ஒலிப்பது மட்டும் 'ஹ'. அரன்ஹுவேஸும் அப்படித்தான், நடுவில் ஜே வரும். ஜான் வில்லியம்ஸ் என்ற பெயர் வந்தால் ஹாலிவுட் இசையமைப்பாளர் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். அவர் வேறு, ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்தக் கிட்டார் கலைஞர் வேறு.

'சிறந்த ஸ்பானிய கிட்டார்' மாதிரியான தொகுப்புகளைத் தவிருங்கள். கான்செர்ட்டோவின் நடுப்பகுதியை வெட்டி, நாலு நிமிஷத்துக்குச் சுருக்கி, பின்னால் சிந்தசைசர் போட்டு வைத்திருப்பார்கள். முழுப் பதிவு ஏறக்குறைய 22 நிமிஷம் ஓடும். அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் அது முழுசில்லை. இன்னொன்று, போனின் ஸ்பீக்கர் இதற்கு ஆகாது. நைலான் நரம்புக் கிட்டாரின் சத்தமே சின்னது, அதன் கீழ்ச்சுரங்கள் ஸ்பீக்கரில் காணாமலே போய்விடும். ஹெட்போன் போதும்.

பாரிஸ் வட்டம்

ரோத்ரிகோ 1901 நவம்பர் 22 அன்று வலென்சியாவுக்குப் பக்கத்தில் சகுந்தோ என்ற ஊரில் பிறந்தார். 1927இல் பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் டுகாஸிடம் மாணவராகச் சேர்ந்தார். மெக்சிகோவின் மனுவேல் பொன்ஸும் அந்தக் காலத்தில் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார். கிட்டார் இசைக்கு ரோத்ரிகோ அளவுக்கே முக்கியமான இன்னொரு பெயர் அது.

இந்த வட்டத்தின் மூத்தவர் ஸ்பானிய இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயா. 1928இல் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தபோது நடந்த கச்சேரியில், தன் இசை மட்டும் போதாது, இளைய ஸ்பானியர்களின் இசையும் இடம்பெற வேண்டும் என்று ஃபாயா வற்புறுத்தினார். அந்த இளையவர்களில் ரோத்ரிகோவும் ஒருவர். பாரிஸில் அவருக்குப் பெயர் கிடைத்த இடம் அது.

அப்புறம் விக்தோரியா காம்ஹி. இஸ்தான்புல்லிலிருந்து வந்த, ஸ்பெயினைப் பூர்வீகமாகக் கொண்ட செபார்திய யூதக் குடும்பத்துப் பெண், நல்ல பியானோ கலைஞர். 1933 ஜனவரியில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு தன் மேடை வாழ்க்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, படிக்க, எழுத, பயணம் போக, மொழிபெயர்க்க என்று எல்லாவற்றிலும் கணவருடன் இருந்தார். ரோத்ரிகோவைப் பற்றிப் பேசும் பலர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

முதல் படி: ரெஹினோவின் கான்செர்ட்டோ

ரெஹினோ சைன்ஸ் தெ லா மாஸா புர்கோஸ் ஊர்க்காரர், மத்ரித் இசைக் கல்லூரியில் கிட்டார் பேராசிரியர். கவிஞர் லோர்காவின் நண்பரும்கூட. லோர்கா ஆறு சிறு கவிதைகளை இவருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். முதல் கவிதை கிட்டாரைப் பற்றிய விடுகதை. 1938 செப்டம்பரில் சான் செபஸ்தியான் நகரில் ஒரு மதிய விருந்தில் ரெஹினோவும் ரோத்ரிகோவும் உட்கார்ந்திருந்தார்கள். விருந்து கொடுத்தவர் பொலார்க்கே பிரபு. கிட்டாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதித் தர வேண்டும் என்று ரெஹினோ அங்கேதான் கேட்டார். ரோத்ரிகோ பாரிஸுக்குத் திரும்பி, 1939இல் அதை முடித்தார். அதுதான் 'கான்சியெர்தோ தெ அரன்ஹுவேஸ்'. 1940 நவம்பர் 9 அன்று பார்சிலோனாவில் ரெஹினோ முதன்முதலாக வாசித்தார்.

இதைக் கேட்க ஒரு வரிசை சொல்கிறேன். மூன்று பகுதிகள் இருக்கின்றன. இரண்டாவதை முதலில் கேளுங்கள், அப்புறம் மூன்றாவது, கடைசியில் முதலாவது. ரோத்ரிகோவுக்கு இசை வந்த வரிசையே இதுதான். பாரிஸில் சேன்-ழாக் தெருவில் இருந்த தன் சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தபோது நடுப்பகுதியின் மெட்டு முழுசாக மனசுக்குள் கேட்டது, கொஞ்ச நேரத்தில் கடைசிப் பகுதியின் மெட்டும் வந்தது, முதல் பகுதியை மட்டும் யோசித்து எட்ட வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நடுப்பகுதி, அதாவது அடாஜியோ, பத்துப் பதினோரு நிமிஷம் ஓடும். தொடக்கத்தில் கிட்டார் மெட்டு எதையும் வாசிக்காது. சோகச் சாயலுள்ள ஒரு மைனர் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்தை, நிதானமாக, ஒரே சீராக வருடிக்கொண்டிருக்கும். மெட்டைப் பாடுவது இங்கிலீஷ் ஹார்ன் என்ற குழல். ஓபோவின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். குரல் கொஞ்சம் கனத்து, மூக்கடைத்த மாதிரி இருக்கும். அது ஒரு வரி பாடி நிறுத்தியதும், அதே வரியைக் கிட்டார் எடுத்துச் சொல்லும். ஆனால் அப்படியே அல்ல. ஒவ்வொரு சுரத்தையும் சுற்றி வளைத்து, குட்டிக் குட்டி அசைவுகளைப் போட்டு இழைக்கும். காரணம் எளிது. குழலால் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க முடியும், கிட்டாரில் மீட்டிய கணத்திலிருந்தே சுரம் தேய ஆரம்பித்துவிடும். அந்தக் குறையை மூடத்தான் இந்த அலங்காரம். கிட்டார் வாசிக்காத ஒருவர் கிட்டாரின் பலவீனத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

இரண்டாம் முறை கேட்கும்போது கிட்டார் தனியாக வாசிக்கும் நீண்ட இடத்தை மட்டும் கவனியுங்கள். கீழ் நரம்புகளில் முணுமுணுப்பாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் விரல்களை விசிறி நரம்புகளை அறையும் ரஸ்கியாதோவில் போய் முடியும். பெரும்பாலான பதிவுகளில் எட்டு, ஒன்பதாவது நிமிஷம் வாக்கில் அது வரும். அந்த உச்சத்தில் கிட்டார் வாயை மூடிக்கொள்ளும், முழு ஆர்கெஸ்ட்ராவும் மெட்டை எடுத்துக்கொண்டு எழும். முடிவில் சோகமான மைனர் போய் வெளிச்சமான மேஜர் வரும். நரம்பை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸில் கிட்டார் ஏறி நிற்கும்.

இந்தப் பகுதி ஸ்பானிய உள்நாட்டுப் போரில் கெர்னிகா நகரின் மீது குண்டு போட்டதைப் பற்றியது என்று பல இடங்களில் படிப்பீர்கள். நம்ப வேண்டாம். அரன்ஹுவேஸ் மத்ரிதுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில் உள்ள அரண்மனை ஊர். மக்னோலியா வாசனை, பறவைகள், நீரூற்றுகள் என்று அதன் தோட்டங்களைத்தான் ரோத்ரிகோ சொன்னார். விக்தோரியா தன் நினைவுக் குறிப்புகளில் இன்னும் கொஞ்சம் திறந்து பேசினார். புது மணத்தம்பதியாக அங்கே நடந்த நாட்களின் நினைவும், முதல் குழந்தையைக் கருவிலேயே இழந்த துக்கமும் அதில் இருப்பதாக எழுதினார்.

மூன்றாவது பகுதி சின்னது, அரண்மனை நடனம் மாதிரி. இரண்டு தட்டும் மூன்று தட்டும் மாறி மாறி வரும். தாளம் போட்டுப் பாருங்கள், கை தடுமாறும். அப்படித் தடுமாற வைக்கத்தான் எழுதியிருக்கிறார். முடிவில் ஆர்ப்பாட்டம் கிடையாது. கிட்டார் இறங்கி வந்து சாதாரணமாக நின்றுவிடும். பெரிய முடிவை எதிர்பார்த்துக் காத்திருந்து ஏமாறாதீர்கள்.

இப்போது முதல் பகுதி. ஆர்கெஸ்ட்ரா பேசத் தொடங்கும் முன்பே, ஏறக்குறைய தனியாக, மெல்லிய சத்தத்தில் கிட்டார் ரஸ்கியாதோ போடும். அந்தத் தாளத்தில் ஓர் ஆட்டம் இருக்கிறது. ஆறு மாத்திரையை ஒருமுறை 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகவும், அடுத்தமுறை 'தக தக தக' என்று இரண்டு இரண்டாகவும் பிரிப்பார். வாயால் சொல்லிக்கொண்டே கேட்டால் ஒரு நிமிஷத்தில் பிடிபடும். இந்தப் பிரிப்பை நினைவில் வையுங்கள், ஸ்பானிய இசையில் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள்.

இன்னொரு விஷயம். இவ்வளவு சன்னமான வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவில் மூழ்கிவிடாமல் இருப்பது எப்படி? இதில் டிரம் கிடையாது, டிராம்போன் கிடையாது. காற்று வாத்தியங்கள் ஒவ்வொரு வகையிலும் இரண்டுதான். கிட்டார் பேசும் இடங்களில் மற்றவர்கள் ஒதுங்கியே இருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து முழங்கும் இடங்களில் பெரும்பாலும் கிட்டார் இருக்காது. இது தெரிந்தபின் மறுபடி கேட்டால், கட்டுமானம் வெட்டவெளிச்சமாகும்.

யாருடைய பதிவு?

ரெஹினோவின் பழைய பதிவு கிடைத்தால் கேளுங்கள். சத்தத் தரம் சுமார்தான், ஆனால் இது இவருக்கென்றே தைத்த சட்டை என்பது தெரியும். நார்சிஸோ யேபெஸ் 1947இல் மத்ரிதில் அதௌல்ஃபோ அர்ஹென்தாவின் இயக்கத்தில் இதை வாசித்துப் பெயர் வாங்கியவர். அவருடைய வாசிப்பு துல்லியம், கொஞ்சம் இறுக்கம். ஜூலியன் பிரீம் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் தேடுவார். ஜான் வில்லியம்ஸிடம் ஒரு பிசிறுகூட இருக்காது.

புதியவர்களுக்கு நான் இரண்டை அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வேன்: பெப்பே ரொமேரோவின் பதிவு, பாக்கோ தெ லூசியாவின் 1991 பதிவு. பாக்கோ தெற்கு ஸ்பெயினின் மரபிசையான ஃபிளமெங்கோவைச் சேர்ந்தவர், இசைக்குறிப்பைப் பார்த்து வாசித்துப் பழகாதவர். செவ்வியல் கிட்டார்க்காரர்கள் சிலர் அவருடைய தொனி முரட்டுத்தனம் என்று முகம் சுளித்தார்கள். இருக்கட்டும். முதல் பகுதியின் தாளம் அவர் கையில்போல் வேறு எங்கும் உதைப்பதில்லை. அடாஜியோவுக்கு நான் ரொமேரோ பக்கம்.

மைல்ஸ் டேவிஸ், கில் எவன்ஸுடன் சேர்ந்து 1960இல் வெளியிட்ட ஜாஸ் வடிவமும் உண்டு. அதில் கிட்டாரே இல்லாமல் அடாஜியோ வரும். மூலத்தை நாலைந்து தடவை கேட்டபின் அங்கே போங்கள். முதலிலேயே போனால், எதை மாற்றினார்கள் என்பது தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் படி: செகோவியாவின் கனவான்

ஆந்த்ரெஸ் செகோவியா அன்றைய கிட்டார் உலகின் சக்கரவர்த்தி. வேறொருவர் அரங்கேற்றிய அரன்ஹுவேஸை அவர் கடைசிவரை மேடையில் வாசிக்கவே இல்லை. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்டார். அப்படி 1954இல் வந்ததுதான் 'ஃபந்தசியா பாரா உன் ஹென்தில்ஓம்ப்ரே', ஒரு கனவானுக்கான கற்பனை. 1958 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் செகோவியா அதை அரங்கேற்றினார். கனவான் என்றது அவரைத்தான்.

இதில் மெட்டுகள் ரோத்ரிகோவுடையவை அல்ல. காஸ்பர் சான்ஸ் என்ற கிட்டார்க்காரர் 1674இல் சரகோசாவில் வெளியிட்ட பயிற்சி நூலிலிருந்து எடுத்தவை. அதனால் இதைக் கேட்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சான்ஸின் 'எஸ்பஞோலெதா', 'கனாரியோஸ்' இரண்டையும் தனிக் கிட்டாரில் தேடிக் கேளுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிஷம்தான். பிறகு ஃபந்தசியாவின் இரண்டாவது, நான்காவது பகுதிகளுக்குப் போனால் தெரிந்த முகங்கள் எதிரே வரும். அந்தப் பழைய மெட்டுக்கு அடியில் ரோத்ரிகோ எந்தச் சுரத்தை வைத்து அதைக் கொஞ்சம் புளிக்க வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் காதில் படும். கனாரியோஸில் அதே 'தகிட தகிட, தக தக தக' ஆட்டத்தையும் பார்ப்பீர்கள். ரோத்ரிகோவின் முதல் பகுதித் தாளம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முந்நூறு ஆண்டுப் பழைய சாட்சி அது.

அரன்ஹுவேஸ் அளவுக்கு இது ஆழமானதா? இல்லை என்பது என் கருத்து. ஆனால் மனசு லேசாக இருக்கும்போது நான் போடுவது இதைத்தான்.

மூன்றாம் படி: ஆர்கெஸ்ட்ரா இல்லாத கிட்டார்

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். தனிக் கிட்டாருக்கு ரோத்ரிகோ எழுதியவை உடனே கவர்பவை அல்ல. அருகருகே இருக்கும் சுரங்களை ஒன்றாக அழுத்தி உரசவிடுவது அவருடைய பழக்கம். முதல் தடவை கேட்கும்போது 'கலைஞர் தப்பாக வாசித்துவிட்டாரோ' என்றுகூடத் தோன்றும். நாலு படைப்புகளை இந்த வரிசையில் கேட்டால் காது பழகிவிடும்.

'சரபாந்தா லெஹானா', 1926. கிட்டாருக்கு அவர் எழுதிய முதல் படைப்பு. 1536இல் வலென்சியாவில் தன் நூலை வெளியிட்ட லூயிஸ் மிலானின் வியுவேலாவுக்கு, அதாவது கிட்டாரின் மூதாதை வாத்தியத்துக்கு, அதைச் சமர்ப்பித்தார். சொந்த மண்ணின் முன்னோடிக்கு ஒரு வணக்கம். மெதுவான நடனம், உரசல் குறைவு. இங்கிருந்து தொடங்குங்கள்.

'என் லோஸ் திரிகாலெஸ்', 1938. கோதுமை வயல்களைப் பற்றியது. நாலு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த கோடையில் எழுதியது. வேகமான இரு பக்கங்களுக்கு நடுவில் ஒரு மெதுவான இடம் வரும், அங்கே கிட்டார் பேசும், நிற்கும், மறுபடி பேசும்.

'திரெஸ் பியெஸாஸ் எஸ்பஞோலாஸ்', 1954, மீண்டும் செகோவியாவுக்கு. மூன்று துண்டுகள். முதலில் ஃபந்தாங்கோ, உரசும் கார்டுகளோடுதான் தொடங்கும், பயப்பட வேண்டாம். இரண்டாவது பாசகாயா, மூன்றிலும் சிறந்தது. தொடக்கத்தில் கீழ் நரம்பில் தனியாக ஒரு மெட்டு வரும். அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு மேலே என்ன நடந்தாலும் அடியில் அது திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கும். முதல் ஒரு நிமிஷத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டு மேலே போவது நல்லது. மூன்றாவது சப்பத்தேயாதோ, காலால் தரையைத் தட்டி ஆடும் நடனம். தகிட, தக கணக்கு இங்கேயும் ஓடும்.

கடைசியாக 'இன்வொகாசியோன் இ தான்ஸா', 1961. பிரெஞ்சு வானொலி நடத்திய கிட்டார் இசைப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. முதலில் மேடையேற்றியவர் வெனிசுவேலாவின் அலிரியோ தியாஸ். இதற்கு முன்னால் ஃபாயாவின் ஒரே கிட்டார் படைப்பைக் கேட்டுவிடுங்கள்: 1918இல் மறைந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் நினைவாக 1920இல் எழுதிய சின்ன 'ஓமெனாஹே'. அதே மாதிரி, 1946இல் அர்ஜென்டினாவில் மறைந்த ஃபாயாவின் நினைவாக ரோத்ரிகோ எழுதியது இந்த இன்வொகாசியோன். நடுவில் 1935இல் டுகாஸ் இறந்தபோது ஃபாயாவும் ரோத்ரிகோவும் ஆளுக்கொரு பியானோ அஞ்சலி எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் இசையால் திவசம் கொடுத்துக்கொண்ட வட்டம் அது. இன்வொகாசியோன் கிசுகிசுப்பான ஹார்மோனிக்ஸில் தொடங்கும், ஃபாயாவின் மெட்டுத் துணுக்குகள் அங்கங்கே தலைகாட்டும், ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டும் ட்ரெமோலோ நடுங்கும், பிறகு நடனம். ரோத்ரிகோவின் ஆகச் சிறந்த கிட்டார் படைப்பு எது என்று கேட்டால், அரன்ஹுவேஸைத் தள்ளிவைத்துவிட்டு நான் கை காட்டுவது இதைத்தான்.

நான்காம் படி: ஒன்றுக்கு மேற்பட்ட கிட்டார்கள்

இதை வேகமாகக் கடக்கலாம். இடா பிரெஸ்தி, அலெக்ஸாந்த்ர் லாகோயா என்ற கணவன் மனைவி ஜோடிக்காக 1966இல் 'கான்சியெர்தோ மத்ரிகால்' எழுதினார், இரண்டு கிட்டார்களுக்கு. மறு ஆண்டே பிரெஸ்தி இறந்துவிட்டார். 1970இல் ஹாலிவுட் பௌல் அரங்கில் பெப்பே, ஆங்கெல் ரொமேரோ சகோதரர்கள்தான் அரங்கேற்றினார்கள். ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ரொமேரோ குடும்பத்தில் தந்தை செலெதோனியோவும் மூன்று பிள்ளைகளுமாக நாலு கிட்டார். அவர்களுக்காக 1967இல் 'கான்சியெர்தோ ஆந்தலூஸ்' வந்தது. கலகலப்பு அதிகம், கனம் குறைவு. மத்ரிகாலைத் தவறவிடாதீர்கள், ஆந்தலூஸை நேரம் இருந்தால் கேட்கலாம்.

நீங்களே வாசிப்பவர் என்றால்

நம் ஊரில் பலரிடம் இருப்பது உலோகக் கம்பி கட்டிய அகௌஸ்டிக் கிட்டார். இந்த இசைக்கு அது சரிவராது. நைலான் நரம்பு, அகலமான கழுத்து உள்ள செவ்வியல் கிட்டார் வேண்டும். பிளெக்ட்ரம் என்ற மீட்டும் துண்டு வேண்டாம், வலது கை நகம் கொஞ்சம் வளர்த்தால் போதும். உலோகக் கம்பிக் கிட்டாரிலேயே நைலானை மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சத்தமும் வராது, இழுவிசையும் பொருந்தாது.

ரோத்ரிகோவில் தொடக்கக்காரர்களுக்கான படைப்பு என்று ஏதும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரில் கை வைக்காமல் எழுதியவர் என்பதால் விரலுக்கு எட்டாத இடங்கள் வரும். சான்ஸின் எஸ்பஞோலெதாவில் தொடங்கி, கனாரியோஸ் கைக்கு வந்தபின், சரபாந்தா லெஹானாவை ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் முயன்று பார்க்கலாம். என் லோஸ் திரிகாலெஸ் அதற்கும் ரொம்பப் பிறகு.

அச்சுப் பிரதி வாங்கும்போது, விரல் வைப்பைத் தொகுத்தவர் யார் என்று அட்டையைப் பாருங்கள். அதே படைப்புக்கு வெவ்வேறு கலைஞர்கள் திருத்திய பதிப்புகள் இருக்கலாம், நடுநடுவே சுரங்களும் கார்டுகளும்கூட மாறியிருக்கும். நீங்கள் கேட்டுப் பழகிய பதிவோடு பிரதி ஒத்துப்போகவில்லை என்றால் குழம்ப வேண்டாம், பதிப்பு வேறாக இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேப்களில், அதாவது விரல் வைக்கும் இடத்தை எண்ணால் காட்டும் பிரதிகளில், இன்னொரு தொல்லை: அந்த உரசும் சுரங்களைத் தப்பென்று நினைத்து யாரோ 'திருத்தி' வைத்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் மோதும் இடம் எதுவுமே இல்லாத ரோத்ரிகோ பிரதி கையில் வந்தால், அதை மூடிவிட்டு அச்சான பதிப்பைத் தேடுங்கள்.